பொறுப்புத் தாய்மாமன்

வெளியுறவுப் பணியில் இருபத்தெட்டு வருடம், ஏழு நாடுகள். எந்த ஊரில் இறங்கினாலும் அன்று மாலைக்குள் நல்ல ரொட்டி எங்கே கிடைக்கும், யாரிடம் எதைப் பேசக் கூடாது என்பதையெல்லாம் தெரிந்துகொண்டுவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. 2008 தை மாதத்தில் சொந்த ஊரான கடலூரில் இறங்கியபோதுதான் அந்தக் கர்வம் போயிற்று. திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்தை விட்டு எந்தப் பக்கம் வெளியேறுவது என்று தெரியாமல் பெட்டியும் கையுமாக நின்றுகொண்டிருந்தேன்.

ஓர் ஆட்டோக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சார் எந்த ஊரு? பாண்டியா, மெட்ராஸா?" என்றார்.

"இந்த ஊருதான்."

"அப்படியா," என்றார். அவர் நம்பவில்லை. மஞ்சக்குப்பத்துக்குப் போகும் வழியில் எனக்கு ஊரைச் சுற்றிக் காட்டிக்கொண்டே வந்தார். இது கெடிலம் ஆறு, இது கலெக்டர் ஆபீஸ். நானும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். தலையாட்டுவது எனக்குத் தொழில்.

அப்போது நான் தென் அமெரிக்காவில் ஒரு குட்டி நாட்டில் தூதராக இருந்தேன். நாட்டின் பெயர் வேண்டாம். அங்கே இருந்த இந்தியர் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்துவிடலாம்; பெயரைச் சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். இங்கே விடியும்போது அங்கே அந்தி சாயும். உடம்பு அந்த ஊர் நேரத்தையே பிடித்துக்கொண்டிருந்ததால் ஐந்து நாளும் பட்டப்பகலில் கண் சொக்கியது. ஆகவே நான் இங்கே எழுதுவதில் பாதி விழித்துப் பார்த்தது, பாதி தூக்கக் கலக்கத்தில் பார்த்தது. எது எது என்று பிரிக்க எனக்கே தெரியவில்லை.

வந்த காரியம் கல்யாணம். என் தங்கை தமிழரசியின் ஒரே மகள் கயல்விழிக்கு, நான் வந்து சேர்ந்த ஐந்தாம் நாள் காலையில் சிதம்பரத்தில் முகூர்த்தம். நான் தாய்மாமன். மணவறையில் பெண்ணின் நெற்றியில் முதல் பட்டத்தைத் தாய்மாமன்தான் கட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்ற உறவுக்காரர்கள்.

தாய்மாமன் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அவளுக்கு மொட்டை அடித்துக் காது குத்தியபோது நான் ஆப்பிரிக்காவில் இரண்டாம் செயலர். அவள் பெரியவளானபோது ஜெனீவாவில் ஒரு மாநாட்டில், ஒரே ஒரு பத்தியை வைத்துக்கொண்டு பதினோரு நாள் உட்கார்ந்திருந்தேன். நிச்சயத்தன்று எங்கள் மந்திரி ஒருவர் நான் இருந்த நாட்டுக்கு வந்துவிட்டார். ஒவ்வொரு முறையும் என் இடத்தில் உட்கார்ந்தவன் செல்வராசு. அவன் என் சின்னம்மா மகன், என்னைவிட ஐந்து வயது இளையவன், எங்கள் பூர்வீகமான குமராட்சியில் இருந்துகொண்டு மினிபஸ் ஓட்டுகிறான். கல்யாணத்துக்காவது நானே வந்து பட்டம் கட்டிவிட வேண்டும் என்பது எனக்குப் பல வருடத்து ஆசை. வேறு எந்த ஆசைக்கும் நான் இவ்வளவு விடுப்புச் சேர்த்து வைத்ததில்லை.

தமிழரசி வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எளைச்சிப் போயிட்டியேண்ணே!" நான் இளைக்கவில்லை. நான்கு கிலோ கூடியிருந்தேன். ஆனாலும் அந்தப் பொய் காதுக்கு இதமாக இருந்தது.

மத்தியானம் சங்கரா மீன் குழம்பு. எங்கள் தூதரகச் சமையல்காரர் கடல் மீனை வெண்ணெயில் வாட்டி, எலுமிச்சை பிழிந்து, மேலே ஒரு தழை வைத்துக் கொண்டுவருவார். விருந்தினர்கள் எழுந்து நின்று பாராட்டுவார்கள். குழம்புச் சோற்றில் முதல் வாய் வைத்ததும் அந்த மீன்களை நினைத்து எனக்குப் பாவமாக இருந்தது.

கயல்விழி வந்து தண்ணீர்ச் செம்பை வைத்தாள். "வாங்க ஃபாரின் மாமா," என்றாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வகுப்பில் பேசுகிற குரல். இரண்டு மாமா இருப்பதால் சின்ன வயதிலேயே எனக்கு வைத்த பெயர் அது. செல்வராசு வெறும் மாமா. நான் அடுத்த கேள்வியைக் கேட்பதற்குள் உள்ளே போய்விட்டாள்.

"செல்வராசு எங்க? பந்தல் வேலையெல்லாம் அவன்தானே பாக்கறான்?" என்றேன் தமிழரசியிடம்.

அவள் பதில் சொல்லாமல் இன்னொரு துண்டு மீனை என் இலையில் வைத்தாள். மௌனத்தில் எத்தனை வகை உண்டு என்பது எங்கள் தொழிலில் முதல் வருடத்திலேயே பிடிபட்டுவிடும். இது, ஒருவன் எதையோ உடைத்துவிட்டு, உடைத்தது அவனுக்கே தெரியாமல் இருக்கும்போது சுற்றியுள்ளவர்கள் காக்கிற மௌனம். என்ன என்று கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே கூடத்து நாற்காலியில் தூங்கிப்போனேன். கனவில் அந்தக் குட்டி நாட்டின் அதிபர் மாளிகை முன்னால் ஒரு மினிபஸ் நின்று ஆளேற்றிக்கொண்டிருந்தது.

இரண்டாம் நாள் விடியும்போதே தங்கை வீட்டுக்காரர் கோதண்டம் என்னை வெள்ளிக் கடற்கரைக்கு நடக்கக் கூட்டிப்போனார். சிப்காட்டில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஷிப்டு சூப்பர்வைசர். அளந்துதான் பேசுவார். கடல் இருக்கிற இடமே தெரியவில்லை. பனியும் அலையும் ஒரே வெள்ளையாக இருந்தது. அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஒரு படகு மெல்ல வெளியே வந்தது. அதிலிருந்து இறங்கிய ஆள், கரையில் கூடையோடு நின்ற பெண்ணிடம், "இன்னிக்கு அவ்ளோதான், கடலு இன்னும் எந்திரிக்கல," என்றான். அவள், "நீ முதல்ல எந்திரிச்சியா?" என்றாள். நான் சிரித்தேன். கோதண்டம் சிரிக்கவில்லை.

"மச்சான்," என்றார். "செல்வராசுக்கு நீங்க லெட்டர் போட்டீங்களா?"

"ஆமா, போன மாசம். நன்றி சொல்லிப் போட்டேன்."

"நன்றி மட்டுந்தான் சொன்னீங்களா?"

இங்கே எங்கள் தொழில் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தூதர் ஊரில் இல்லாதபோது அவருக்கு அடுத்தவர் பொறுப்புத் தூதர் ஆகிவிடுவார். கொடி, கார், கையெழுத்து எல்லாம் அவருடையவை. தூதர் திரும்பி வந்த அன்றே ஒரு கடிதம் போகும்: இன்னார் திரும்பிவிட்டார், பொறுப்பை ஏற்றுக்கொண்டார், இதுவரை கவனித்துக்கொண்டவருக்கு நன்றி. அந்த நிமிடத்தோடு பொறுப்புத் தூதர் பழையபடி இரண்டாம் ஆள். இந்தக் கடிதத்தை நான் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. கையே எழுதிவிடும்.

செல்வராசுக்கும் கையே எழுதிவிட்டது. 'எனது இன்மையில் இதுகாறும் தாங்கள் ஆற்றிவந்த தாய்மாமன் கடமைகளுக்கு எனது மனமார்ந்த நன்றி. வரும் தை மாதம் முதல் அப்பொறுப்பினை நானே ஏற்றுக்கொள்கிறேன் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' அதுவும் மூன்று சிங்கம் பொன்னிறத்தில் பொறித்த தடித்த தாளில். பெரிய மனிதர்களுக்கு மட்டும் அந்தத் தாளை எடுப்பேன். தம்பியை உயர்த்துவதாக எண்ணி அதை எடுத்தேன். பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

"சிங்கம் போட்ட கவருன்னதும் தெருவே கூடிடுச்சாம்," என்றார் கோதண்டம். "கோர்ட்டு சம்மன்னு நெனச்சு அவன் சம்சாரம் அழுதிருக்கு. அப்புறம் டீக்கடையில ஒருத்தரு எல்லாருக்கும் கேக்கறாப்புல சத்தமாப் படிச்சிக் காட்டியிருக்காரு."

"அவன் என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. மடிச்சிப் பாக்கெட்ல வச்சிக்கிட்டு வண்டிய எடுக்கப் போயிட்டான். அதோட சரி, எங்க வூட்டுப் பக்கம் வரவே இல்ல. நானும் தமிழும் போய்ப் பத்திரிக்கை வச்சோம். மரியாதையாதான் வாங்கிக்கிட்டான். கல்யாணத்தன்னிக்கு டூட்டி இருக்குதுன்னுட்டான்."

"கயலு?"

கோதண்டம் கடலைப் பார்த்தபடியே சொன்னார். "மாமா வரலன்னா எனக்குப் பட்டமே வேணாம், வெறும் நெத்தியோட ஒக்காந்துக்கறேன்னு சொல்லுது. மாப்ள வூட்டுல என்னா ஏதுன்னு கேட்டா நான் என்னா மச்சான் சொல்லுவேன்? தாய்மாமன் வெளிநாட்டுலேருந்து வந்து நிக்கிறாரு, பொண்ணு வேணாங்குதுன்னா?"

அந்தப் பனியிலும் என் காது இரண்டும் சுட்டன. இருபத்தெட்டு வருடத்தில் என் கடிதம் எதுவும் இவ்வளவு சுத்தமாக வேலை செய்ததில்லை. ஒரே தாளில் ஓர் ஆளையே வேலையை விட்டு எடுத்திருந்தேன்.

மூன்றாம் நாள் செல்வராசைப் பார்க்கச் சிதம்பரத்துக்குக் கிளம்பினேன்; அவன் வண்டி குமராட்சிக்குப் புறப்படுவது அங்கிருந்துதான். அகலப் பாதை போடுவதற்காக ரயிலை நிறுத்தியிருந்தார்கள், பேருந்துதான். சிப்காட் தாண்டும்வரை விழித்திருந்தது நினைவிருக்கிறது. பிறகு யாரோ என் தோளில் தூங்க, நான் யார் தோளிலோ தூங்க, கண்ணைத் திறந்தபோது தூங்குமூஞ்சி மரங்களுக்கு மேலே கோபுரம் ஒன்று அசையாமல் மிதந்துகொண்டிருந்தது. பேருந்து திரும்பத் திரும்ப அதுவும் இடம் மாறி வேறு வேறு ஜன்னலில் வந்தது. எத்தனையோ தலைநகரங்களின் மாதா கோயில்களையும் வளைவுகளையும் விருந்தினருக்குச் சுற்றிக் காட்டியவன் நான். இதை இப்படிப் பார்த்ததே இல்லை என்று தோன்றியது.

கீழ வீதியில் இட்லியும் கத்திரிக்காய் கொத்சும் சாப்பிட்டேன். பரிமாறியவருக்கு அரைத் தூக்கத்தில் ஸ்பானிஷில் நன்றி சொல்லிவிட்டேன். அவர் ஒரு கணம் யோசித்து, இன்னொரு கரண்டி கொத்சு ஊற்றிவிட்டுப் போனார். அந்த நாட்டிலும் கத்திரிக்காயைச் சுட்டு மசிப்பார்கள். அதைப் புளியில் போட வேண்டும் என்று மட்டும் யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

மினிபஸ் நிற்குமிடத்தில் செல்வராசு காக்கிச் சட்டையோடு முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் துணியைக் கீழே வைத்தான்.

"வாங்கண்ணே. எப்ப வந்தீங்க? ஒடம்பு நல்லாருக்குதா?"

குரலில் ஒரு குறையும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. முறைத்துக்கொண்ட நாடுகள் கூடக் குறை வைக்காமல்தான் வரவேற்கும்.

"உன்கிட்டப் பேசணும் தம்பி."

"வண்டி எடுக்கணும்ணே, டைம் ஆயிடுச்சு."

"சரி, நானும் வரேன்."

அவனுக்குப் பக்கத்தில் இருந்த ஒற்றை இருக்கையில் ஏறிக்கொண்டேன். வண்டி நிறைய ஆட்கள், உரமூட்டை, கீரைக்கூடை, எங்கோ ஒரு கோழி. ஊரைத் தாண்டியதும் வயல்கள் வந்தன. அறுத்த வயல், அறுக்காத வயல், எல்லாவற்றின் மேலும் மிச்சப் பனி. நான் பேசத் தொடங்கியதும் செல்வராசு மரியாதைக்காகப் பாட்டை நிறுத்தினான். அதனால் வண்டி முழுக்க நான் பேசுவது கேட்டது.

"தம்பி, அந்தக் கடிதம் தொடர்பா சில சங்கடங்கள் ஏற்பட்டிருக்கிறதா அறிஞ்சேன். அது அப்படிப் புரிஞ்சுகொள்ளப்பட்டதுல எனக்கு வருத்தம்தான்."

எனக்குப் பின்னால் கீரைக்கூடையோடு உட்கார்ந்திருந்த பெண்மணி பக்கத்து ஆளைக் கேட்டார்: "இவுரு என்னா சொல்றாரு?"

"ஏதோ வருத்தமாம்."

"யாரு மேல?"

"அதச் சொல்லல."

எங்கள் தொழிலில் இதற்குப் படிகள் உண்டு. முதலில் கவலை. பிறகு வருத்தம். விஷயம் முற்றினால் ஆழ்ந்த வருத்தம். அதற்கு மேல் ஒரு சொல் இருக்கிறது. அதைச் சொல்லத் தலைநகரத்தின் அனுமதி வேண்டும், பெரும்பாலும் கிடைக்காது. நான் ஒரு படி ஏறினேன்.

"நடந்ததுக்கு ஆழ்ந்த வருத்தம் தம்பி."

செல்வராசு கியரை மாற்றினான். "பரவால்லண்ணே," என்றான். அவ்வளவுதான்.

"சார், சுத்தி வளைக்காம சொல்லுங்க," என்றார் கீரைக்காரப் பெண்மணி. "நான் ரெண்டு ஸ்டாப்பிங்ல எறங்கணும்."

நான் அடுத்து என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. திடீரென்று வண்டி இழுத்து நின்றது. சாலை நெடுகக் கதிரை விரித்துப் போட்டிருந்தார்கள். வண்டிகள் ஏறிப் போனால் நெல் தானே உதிரும். அந்த வைக்கோல் சுழன்று பின்சக்கர அச்சில் பந்து பந்தாகச் சுற்றிக்கொண்டுவிட்டது. லேசாகப் புகை வாசனை. எல்லோரும் இறங்கினோம். "தீப்புடிக்கறதுக்குள்ள எடுத்துடணும்," என்று செல்வராசு வயலில் நின்றவரிடம் கதிர் அரிவாள் ஒன்றை வாங்கிக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்விட்டான்.

வாய்க்கால் மதகில் உட்கார்ந்தேன். கொக்குகள் வெள்ளை வெள்ளையாக நின்றன. வெயில் இன்னும் பாலாகத்தான் இருந்தது. தூக்கம் வந்து கண்ணை இழுத்தது. அப்படியே தூங்கியிருந்தால் ஒரு வழக்கமான பயணமாக இது முடிந்திருக்கும். என்ன தோன்றியதோ, எழுந்து போய், விமானத்துக்கு வாங்கிய நல்ல சட்டையோடு நானும் வண்டிக்கு அடியில் நுழைந்தேன்.

"ஐய, என்னாண்ணே, ஆயில் ஒழுகுது!"

"பரவால்ல. எதை இழுக்கணும், சொல்லு."

சற்று நேரம் அவன் அறுத்தான், நான் இழுத்தேன். அங்கே குளிர்ச்சியாகவும் அரையிருட்டாகவும் இருந்தது. வெளியே செருப்புக் கால்கள் மட்டும் தெரிந்தன. அந்த இடத்தில்தான் அவன் பேசினான். என் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால் இருக்கலாம்.

"கயலுக்கு சடங்கு சுத்துனப்ப கொள்ளிடத்துத் தண்ணி ரோட்டு மேல ஓடுதுண்ணே. பஸ்ஸு இல்ல. சீர்ச் சேலை, வளையல் எல்லாத்தையும் பாலித்தீன் பையில கட்டித் தலைமேல வச்சிக்கிட்டு, இடுப்பளவு தண்ணியில மெயின் ரோடு வரைக்கும் நடந்தேன். நீங்க சொல்லி நடக்கல. உங்க எடத்துலதான் நிக்கிறேன்னு எனக்குத் தெரியும். ஆனா நின்ன காலு என் காலுதான?"

நான் வைக்கோலை இழுத்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க போன்ல கூப்ட்டு, 'டேய், கல்யாணத்துக்கு நான் கட்றேண்டா'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நானே பட்டத்த எடுத்து உங்க கையில குடுத்திருப்பேன். எனக்கென்னா. நோட்டீஸ் அனுப்பி ஆளக் கழட்டி வுட்டீங்க. டீக்கடையில படிச்சாங்கண்ணே."

அவன் சொன்ன வலி எனக்குப் புதிதல்ல. முப்பத்துமூன்று வயதில், வேறொரு கண்டத்தில், தூதர் வராமல் காலியாகக் கிடந்த ஓர் அலுவலகத்தை நான் பதினோரு மாதம் பொறுப்பில் நடத்தினேன். சிறையிலிருந்த நம் கப்பல்காரர்களை நடையாய் நடந்து வெளியே எடுத்தேன். கட்டடத்துக் குழாய் உடைந்தபோது வாளியோடு நின்றேன். புதிய தூதர் வந்து இறங்கினார், நல்ல மனிதர். விமான நிலையத்தில் என் கையிலிருந்த பூச்செண்டை வாங்கிக்கொண்டு, என்னை டிரைவருக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். மறுநாள் மேஜையில் கடிதம் இருந்தது. இதுகாறும் தாங்கள் ஆற்றிவந்த கடமைகளுக்கு நன்றி. அன்று கழிப்பறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன். இருபது வருடம் கழித்து அதே வாக்கியத்தைத் தமிழில் எழுதி, தங்கச் சிங்கம் போட்டு, என் தம்பிக்கு அனுப்பியிருக்கிறேன்.

"தப்பு என்னுதுதான், தம்பி," என்றேன். "மன்னிச்சிடு. கயலுக்கு நீதான் பட்டம் கட்டணும்."

மேலதிகாரி யாரையும் கேட்காமல் அந்தச் சொல்லைச் சொன்னேன். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, ஐம்பத்துமூன்று வயதில், கண்ணைத் துடைக்கப் போய் நெற்றியெல்லாம் கிரீஸ் ஆயிற்று.

"அந்த மிச்சத்தையும் இழுத்துடுங்கண்ணே," என்றான் செல்வராசு.

கீரைக்காரப் பெண்மணி குனிந்து எட்டிப் பார்த்தார். "என்னா சார், ஒத்துக்கிட்டாரா?"

"இன்னும் சொல்லலம்மா."

"நீங்க சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"அப்ப நான் நடந்தே போயிக்கறேன்," என்று கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

குமராட்சியில் என்னை இறக்கிவிடும்போதுதான் செல்வராசு வாயைத் திறந்தான். "பாக்கறேண்ணே. டூட்டிக்கு ஆளு மாத்தணும்." அவன் மனைவி கொடுத்த டீயைக் குடித்துவிட்டு அடுத்த வண்டியில் திரும்பினேன். எந்த நாட்டு மந்திரி எதைச் சொன்னாலும் அதற்குள்ளே என்ன இருக்கிறது என்று தலைநகரத்துக்கு நாலு வரி எழுதிவிடுவேன். இதற்கு என்னால் ஒரு வரிகூட எழுத முடியவில்லை.

நான்காம் நாள் எல்லோரும் சிதம்பரத்துக்கு வந்து கல்யாண மண்டபத்தில் இறங்கினோம். பகல் முழுக்க வாழைமரம், நாற்காலி, காய்கறி மூட்டை. எனக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. விருந்தாளிக்கு யார் கொடுப்பார்கள். மாடியில் மருதாணிக் கையோடு தனியாக உட்கார்ந்திருந்த கயல்விழியிடம் போனேன்.

"நான் கட்டப்போறதில்லை, கயல். செல்வராசு வந்தா அவன் கட்டட்டும். வரலன்னா உன் இஷ்டம், நீ எப்படி வேணும்னாலும் உக்காரு. உங்க அப்பாகிட்ட நான் பேசிக்கறேன்."

"வருவாரா?"

"தெரியலம்மா."

அவள் என் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குக் கஷ்டமா இல்லயா?"

"இருக்கு."

இல்லை என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்துப் பழக்கியிருந்தார்கள். அன்று அது வாயில் வரவில்லை. அவள் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். இரண்டு பேரும் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு மாடு, ஒரு பலூன்காரர், சாயங்கால வெயிலில் மெல்லப் போகும் சைக்கிள்கள். அந்தத் தெரு ஓசையில்லாமல் எங்கோ ஆழத்தில் நடப்பது போல் இருந்தது.

"உங்க ஊர்ல இப்ப என்னா மணி?" என்று கேட்டாள்.

சொன்னேன். அங்கே இன்னும் விடியவில்லை, குருவிகள் மட்டும் எழுந்திருக்கும், கீழே ரொட்டிக்கடையில் அடுப்பு மூட்டியிருப்பார்கள் என்றேன். அவள் இன்னும் கேட்டாள். இருபத்துநாலு வருடத்தில் நாங்கள் அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான்.

ஐந்தாம் நாள் காலை. மண்டபத்து வாசலில் பன்னீர்ச் செம்போடு நான் நின்றேன். வேண்டுமென்றே அந்த இடத்தைக் கேட்டு வாங்கியிருந்தேன். சாலை அங்கிருந்துதான் தெரியும். பனி இறங்கி எதிர்க்கடைப் பலகைகூடப் படிக்க முடியவில்லை. உள்ளே மேளம் தொடங்கிவிட்டது. கோதண்டம் இரண்டு முறை வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார். வராத விமானங்களுக்காக எத்தனையோ ஓடுபாதைகளின் ஓரத்தில் நின்றிருக்கிறேன். இப்படி நின்றதில்லை.

முதலில் ஹார்ன் சத்தம் கேட்டது. பிறகு பனிக்குள் இரண்டு மஞ்சள் விளக்குகள். முன்னால் வாழைக்கன்று கட்டிய மினிபஸ், மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றது. அதிலிருந்து பாதிக் குமராட்சி இறங்கியது. தட்டுத் தட்டாகச் சீர்: சேலை, பழம், வெல்லம், பெரிய பலா ஒன்று. கீரைக்காரப் பெண்மணியும் பட்டுச்சேலையில் ஒரு தட்டோடு இறங்கினார். கடைசியில், டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு வெள்ளை வேட்டி சட்டையில் செல்வராசு.

"டூட்டிக்கு ஆளு கெடைக்கலண்ணே," என்றான். "அதான் வண்டியவே கொண்டாந்துட்டேன்."

பன்னீர் தெளித்தேன். கொஞ்சம் அதிகமாகவே தெளித்துவிட்டேன். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான். "நீங்க மூத்தவரு. இவ்ளோ தூரம் வந்திருக்கீங்க. நீங்களே கட்டுங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்."

அவன் மனசாரத்தான் சொன்னான். சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும். பல வருடத்து ஆசை, கைக்கெட்டும் தூரத்தில். எனக்கு அது வலித்தது. அதை மறைத்து எழுதப்போவதில்லை.

"நீ கட்டுறா," என்றேன். "நான் பாக்கறேன்."

உள்ளே போனபோது எனக்கென்று நாற்காலி எதுவும் ஒதுக்கியிருக்கவில்லை. நான்காவது வரிசையில் ஓரமாக இடம் கிடைத்தது. மேடையில் புகைக்கு நடுவே கயல்விழி மாலையோடு வந்து உட்கார்ந்தாள். "பொண்ணோட தாய்மாமன் வாங்க!" என்று குரல் வந்தது. செல்வராசு எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டான். கீழ் உதட்டைக் கடித்தபடி, வளைவில் வண்டியைத் திருப்பும்போது இருக்கிற அதே கவனத்தோடு, அவள் நெற்றியில் பட்டத்தை வைத்து, பின்பக்கம் நூலைக் கொண்டுபோனான். அவள் தலையைக் குனிந்து கொடுத்தாள். அவள் அழுவது நான்காவது வரிசைக்குத் தெரிந்தது.

என் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற தபால்காரர் என்று முன்பே சொல்லியிருந்தார். என் பக்கம் சாய்ந்து, "சார் பொண்ணு வூட்டுக்காரரா?" என்றார்.

"ஆமாங்க."

"பொண்ணுக்கு என்னா வேணும்?"

"அதோ பட்டம் கட்றாரே, தாய்மாமன்," என்றேன். "அவருக்கு அண்ணன்."